எந்தத் தேதியில் மூடுவீங்க?

மழைத் தண்ணீர் தெருவை மூடியிருந்த ஒரு காலையில், தையல்காரியின் தங்கை மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகும்போது, திறந்து கிடந்த சாக்கடைக்குள் விழுந்தாள். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மூன்று மாதம் கழித்து எழுந்து நின்றபோது இடதுகால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டிருந்தது.

தையல்காரி சாக்கடையை மூடச் சொல்லி மனு எழுதிக்கொண்டு நகரமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனாள். அவர் அதைப் படிக்காமலேயே மடித்தார்.

“உன் தங்கச்சிக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியும்? பாத்து நடக்கச் சொல்லு.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துதான் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. போய்க் கத்தினால் பைத்தியக்காரி என்று சொல்லிவிடுவார்கள். ஊர் பார்க்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அந்த ஆளைக் கேட்க வேண்டும் என்று முடிவுகட்டினாள்.

அவள் கடைக்குத் துணி கொடுக்காத வீடு அந்த நான்கு தெருவில் கிடையாது. அளவெடுக்கும்போதே பேச்சுக் கொடுத்தாள். யார் விழுந்தது, என்றைக்கு, டாக்டர் போட்ட தையல் எத்தனை? அளவு நோட்டின் பின்பக்கத்தில் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்.

தங்கையின் கணவன் பஸ் டிரைவர். மன்ற அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, பழைய கூட்டக் குறிப்பின் நகலை வாங்கி வந்தான். சாக்கடைக்கு மூடி போட இரண்டு வருடம் முன்பே ஒப்புதல் ஆகியிருந்தது. அந்த வேலையைத் தன் மச்சானின் ஓட்டல் வாசலுக்கு மாற்றச் சொன்னவர் உறுப்பினரேதான்.

“அண்ணி, இன்னிக்கே பேப்பர்காரங்ககிட்ட குடுத்துரலாமா?”

“அவங்களையும் குறைகேட்புக் கூட்டத்துக்கு வரச் சொல்லு. மேடையில உக்காந்துக்கிட்டு அந்த ஆளே காதால கேக்கட்டும்.”

குறைகேட்புக் கூட்டத்தில், அவள் நோட்டில் இருந்தவர்களில் முதலில் ஊன்றுகோலுடன் தபால்காரர் எழுந்தார்.

“சாக்கடைய எந்தத் தேதியில மூடுவீங்க?”

“சீக்கிரம் பண்ணிரலாம்.”

அவர் உட்கார, பழக்கடைக்காரி எழுந்து அதே கேள்வியைக் கேட்டாள். பிறகு இன்னொருவர். ஏழாவது ஆளிடம் உறுப்பினரின் குரல் உயர்ந்தது. பன்னிரண்டாவது ஆளிடம் கைக்குட்டையைத் தேடினார்.

“நிதியே ஒதுக்கலம்மா. நான் என்ன பண்றது?”

இதற்குத்தான் தையல்காரி காத்திருந்தாள். எழுந்து நின்று, தீர்மான எண், தேதி, வேலையை மாற்றச் சொன்ன அவர் பெயர் என்று ஒன்று விடாமல் நிதானமாக வாசித்தாள். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. அந்த முகத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

அங்கேயே தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்தொன்பதாம் நாள் சாக்கடைமேல் சிமெண்டு மூடிகள் வந்தன. அன்று மாலை அவரே கடைக்கு வந்தார்.

“அதான் போட்டாச்சே. இதோட விட்டுரும்மா. தேர்தல் வருது.”

“தெரியும். வாக்காளர் பட்டியல் வாங்கிட்டேன்.”

கூட்டக் குறிப்பின் நகல் வீடு வீடாகப் போனது. அவர் இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றார்.

மறுநாள் அவர் எதிரே வந்தபோது, அக்காவையும் தங்கையையும் பார்த்துத் தெருவின் மறுபக்கம் ஒதுங்கினார்.

“இப்ப மனசு ஆறிச்சாக்கா?” என்றாள் தங்கை.

தையல்காரி அவள் நடைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

“பாதி ஆறிச்சு. புது ஆளு பதவி ஏத்துக்கிற அன்னிக்கு நாம முன்வரிசையில உக்காரணும், அவரும் உன் காலப் பாக்கட்டும். கொஞ்சம் சீக்கிரமே கெளம்பு.”