மாட்டுமணியும் நான்கு மாத்திரைகளும்

...குனிவது ஒன்றும் பெரிய காரியமில்லை, குனிந்துவிடலாம், எழுந்திருப்பதுதான்... பந்தை உருட்டிவிட்டு, முகத்தைச் சுளிக்காமல், தொடையில் கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும், அந்தக் கை மட்டும் தொடைக்குப் போய்விடக் கூடாது, போனால் தெரிந்துவிடும், அப்புறம் என்ன, கதை முடிந்தது என்று எண்ணிக்கொண்டே ட்ரெவர் புல்தரையின் மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தான், கத்தரித்து இழைத்து மேஜை மாதிரி ஆக்கி வைத்த புல், அதில் நடப்பதே உழுத வயலில் நடப்பது போலிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தொடைச் சதையை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கினார்கள். புல்தரைப் பந்துருட்டலில் இறுதிப் போட்டி, கடைசிச் சுற்று, எதிரணி ஒரு புள்ளி முன்னால், அவனிடம் ஒரே ஒரு பந்து பாக்கி. தலைவன்தான் கடைசியில் உருட்டுவான். பதினொரு வருஷமாக அவன்தான் தலைவன், வேறு யார் இருக்கிறார்கள் இந்தக் கோதுமை ஊரில்? "யோவ் ட்ரெவ், நீ வந்து சேர்றதுக்குள்ள அறுவடையே முடிஞ்சிரும் போலயே!" என்று கெவின் கத்தினான், எதிரணித் தலைவன், பன்றித்தலையன். "இரு மாப்ள, தோக்கறதுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்று இவன் திருப்பிக் கொடுத்ததும் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நல்லது, சிரிக்கட்டும், சிரிக்கிறவர்கள் காலைப் பார்க்க மாட்டார்கள். நாற்பது வருஷம் ஆடுகளைத் தொடைக்கு நடுவே இடுக்கி ரோமம் கத்தரித்த கால்கள், ஒரு நாளைக்கு நூற்றறுபது ஆடு, ஒரு கிடாகூடத் திமிறிப் போனதில்லை, இப்போது ஒரு மாத்திரை, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அது வந்து ஒன்பதே வாரத்தில் இப்படிச் செய்துவிட்டதே சனியன்...

ரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, உங்கள் அப்பா எப்படிப் போனார் என்று டாக்டர் பெண் கேட்டாள். எப்படிப் போனார், ஐம்பத்தொன்பது வயதில் வேலிக்கம்பியை இழுத்துப் பிடித்தபடியே போனார், கம்பியை அவர் கையிலிருந்து பிரிக்க இவன்தான் விரல் விரலாக நிமிர்த்த வேண்டியிருந்தது. "தொடையிலயோ தோள்லயோ வலி வந்தா உடனே வந்து சொல்லுங்க, ரத்தம் எடுத்துப் பார்த்து வேற மாத்திரை தரலாம், நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க" என்றும் சொன்னாள். எவ்வளவு சுலபம், போய்ச் சொன்னால் தீர்ந்தது. ஆனால் எந்த வாயால் சொல்வது? அது சின்ன ஊர், மருத்துவமனை வாசலில் அவன் வண்டி இரண்டு தடவை நின்றால் சாயங்காலத்துக்குள் கிளப்பில் தெரிந்துவிடும், ட்ரெவருக்கும் மாத்திரை வலியாம், நம்ம அணி நெவிலுக்கு வந்த அதே வலியாம் என்று. அதே வலி. அதைத்தானே இவன் பொய் என்று சொன்னான். அதனால் சொல்லவில்லை. இந்த நாலு நாளாக, மனைவி பெவ் காலையில் கிழமை எழுதிய டப்பாவைத் திறந்து நீட்டுவாள், இவன் வாயில் போடுகிற மாதிரி போட்டு, தண்ணீரைக் குடித்து, மாத்திரையைக் கையில் எடுத்துக்கொள்வான். இறுதிப் போட்டி ஒன்று முடியட்டும், அந்த ஒரு நாள் மட்டும் கால் பழைய காலாக இருக்கட்டும் என்று. நாலு மாத்திரையும் இப்போது வெள்ளைக் கால்சட்டைப் பையில், பந்தில் அடையாளம் போடுகிற சுண்ணாம்புக் கட்டியோடு உரசிக்கொண்டு கிடந்தன. வலி போனதா? போகவில்லை. நிறுத்தினாலும் குற்றம், நிறுத்தாவிட்டாலும் குற்றம் என்கிறது தொடை.

நெவிலுக்கு வாய் இருந்தது, அவன் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே முனையில், "எலும்புக்குள்ள விட்டுத் திருகற மாதிரி இருக்குடா ட்ரெவ், இந்த மாத்திரைதான்டா" என்று சொல்லிவிட்டுக் குனிந்தவன், பந்தை மாற்றிப் பிடித்து உருட்டிவிட்டான். பந்தில் ஒரு பக்கம் கனம், சின்ன வட்டம் போட்ட பக்கம் உள்ளே பார்க்கப் பிடித்தால் அழகாக வளைந்து, குறிக்கு வைத்த வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் வந்து படுக்கும், மாற்றிப் பிடித்தால் அடுத்த ஆட்டக்காரன் காலடிக்குப் போய் நிற்கும், அரிச்சுவடி படிக்கிறவன் செய்கிற தப்பு. அந்தத் தப்புக்கு இந்தக் கிளப்பில் மாட்டுமணிதான், டீ முடிகிற வரைக்கும் கழுத்தில் தொங்க வேண்டும். இவன்தான் ஓடிப்போய் எடுத்துவந்து மாட்டினான். மாட்டியதோடு விட்டானா? தொடையில் இரண்டு கையையும் ஊன்றி, ஐயோ அம்மா என்று முனகி எழுந்து காட்டினான், கிழவி, கிழவி என்று கிளப்பே உருண்டது, மணியைப் போட்டுக்கொண்டு நெவிலும் சிரித்தான், கண் மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்தோமே, பார்த்த பிறகும் இன்னொரு தடவை ஏன் நடித்துக் காட்டினோம்? கைதட்டல் கிடைத்தது, அதற்காகத்தான். அப்புறம் கழிப்பறையில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, வேறு ஈ காக்கை கிடையாது, அங்கே சொன்னதுதான், "தூக்கிப் போடுடா அந்த மாத்திரைய. ஆம்பளையா இரு. இல்லன்னா அடுத்த வாரம் அணிப் பலகையில உன் பேர் இருக்காது." தூக்கிப் போட்டான். ஒரு மாதத்தில் கால் சரியாகி மான் மாதிரி குனிந்தான் நெவில், அந்த வருஷக் கோப்பை அவனால்தான் வந்தது, பார்த்தியா நான் சொன்னேனே என்று இவன் அவன் முதுகில் தட்டினான். ஜூலையில் கோழிக்குத் தீனி போடப் போனவன் தீனிச்சட்டியோடு விழுந்து கிடந்தான். சவப்பெட்டியை முன்னால் பிடித்தது ட்ரெவர்தான், நல்ல கனம், அன்றைக்குத் தொடை துளிகூட நடுங்கவில்லை. சமாதிக்குப் பக்கத்தில் அவன் மனைவி லொரேன் இவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "ஏன் நிறுத்தினான் ட்ரெவ், உனக்காவது தெரியுமா?" இவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "தெரியாதும்மா, அவன் பிடிவாதம் பிடிச்சவன் ஆச்சே" என்றான். அவள் தலையாட்டினாள். எவ்வளவு லேசாக முடிந்தது என்று அன்றைக்குத் தோன்றியது, தோன்றியதற்கு வெட்கப்படவும் இல்லை.

வந்தாயிற்று. பந்தைத் துணியால் துடைத்தான், இன்னொரு தடவை துடைத்தான், காலுறையை இழுத்துவிடுகிற சாக்கில் தொடையை அமுக்கிப் பார்த்தான், கல். வெள்ளைப் பந்து அங்கே, அதற்கு ஒரு சாண் தள்ளிக் கெவினின் கறுப்புப் பந்து. அந்த ஒரு சாணுக்குள் போய்ப் படுத்துவிட்டால் போதும், ஆயிரம் தடவை செய்தது, தூக்கத்தில்கூடச் செய்வான். இடது காலை முன்னால் வை, மெதுவாக, குனி, கையைத் தொங்கவிடு, எழும்போது தொடைக்குக் கை போகக் கூடாது, போகக் கூடாது, போகக் கூடாது... உருட்டினான். எழுந்தான். கை தொடைக்குப் போகவில்லை! முகமும் சுளிக்கவில்லை! பதினொரு வருஷத்தில் எந்த வெற்றியிலும் வராத சந்தோஷம் அந்த ஒரு நொடியில் வந்தது, அப்புறம்தான் பந்தைப் பார்த்தான். அது வளைந்துகொண்டிருந்தது, அழகாகத்தான், ஆனால் வெளியே. வெள்ளைப் பந்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி, பக்கத்து ஆட்டத்தில் கிடந்த பந்தை முட்டி நின்றது. பிறகு கெவின் தொப்பியைத் தூக்கி எறிந்து சிரித்த சிரிப்பில் தானியக் களஞ்சியத்து மேல் உட்கார்ந்திருந்த பறவைகள் எல்லாம் எழும்பின. "மணி! மணி!" என்று எல்லோரும் கத்தினார்கள், இவன் அவர்களுக்கு மேலே கத்தினான், "எங்கடா அந்த மணி, கொண்டாங்கடா, வெயில்ல கண்ணு கூசிடுச்சு!" மணி வேண்டும், இப்போது மணிதான் பெரிய உதவி, முட்டாள் என்று சிரிக்கட்டும், நோயாளி என்று உச்சுக் கொட்டிவிடக் கூடாது.

மணியைக் கொண்டுவந்தது லொரேன். நெவில் போன பிறகு கிளப்பில் டீக் கடை அவள் பொறுப்புதான், ஒரு கையில் இவன் கோப்பை, இரண்டு சர்க்கரை போட்டது, சொல்லாமலே போடுவாள், இன்னொரு கையில் மணி. இவன் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தான், அவளுக்காக எழுந்தான், மரியாதைக்கு எழுந்தது, எழும்போது இரண்டு கையும் தானாகத் தொடைக்குப் போய் ஊன்றிக்கொண்டன. ஐயோ அம்மா என்றுகூட வாய் முணுமுணுத்திருக்கும். அவள் பார்த்தாள். கெவின் பார்க்கவில்லை, மற்ற யாருமே பார்க்கவில்லை, அவள் மட்டும், நிதானமாக, கடையில் துணி பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே பார்த்தாள். கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், அவன் தலை வழியாக வாரை மாட்டினாள், காலரைக்கூடச் சரிசெய்தாள். வாய் அவன் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. "எத்தனை மில்லிகிராம் ட்ரெவ்?" என்றாள். "என்ன மில்லிகிராம்? நான் எதுவும் சாப்பிடறதில்லையே" என்றான், வாய் அவ்வளவு வேகமாகப் பொய் சொன்னது. அவள் சிரித்தாள், நல்ல சிரிப்பு, டீயை அவன் கையில் வைத்து விரல்களை அதைச் சுற்றி மூடினாள். "தூக்கிப் போடு அந்த மாத்திரைய" என்றாள், மெதுவாக, "ஆம்பளையா இரு." மணியின் நாக்கிலிருந்து விரலை எடுத்தாள்.

மணி அடித்தது, எல்லோரும் கைதட்டினார்கள், அவள் அடுத்த மேஜைக்குக் கேக் தட்டை எடுத்துப் போய்விட்டாள். கழிப்பறையில் இரண்டே பேர்தானே இருந்தோம்... நெவில் சொல்லியிருக்கிறான். எப்போது சொன்னான்? அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பானோ, மணி போட்டதையும் சேர்த்து, படுக்கையில், முதுகைக் காட்டிக்கொண்டு? அப்படியென்றால் சமாதிக்குப் பக்கத்தில், சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு, உனக்காவது தெரியுமா என்று கேட்டபோது... தெரிந்துதான் கேட்டாளா? இவன் என்ன சொல்வான் என்று பார்க்கத்தான் கேட்டாளா? இத்தனை வருஷமும், ஒவ்வொரு சனிக்கிழமையும், இரண்டு சர்க்கரை... இடது கை பைக்குள் போய் நாலு மாத்திரையையும் தடவியது, சுண்ணாம்புப் பொடி ஒட்டி வழுவழுவென்றிருந்தன, டீ இருக்கிறது, ஒன்றைப் போட்டு விழுங்கிவிடலாம், இப்போதே, அவள் அங்கே கேக் வெட்டிக்கொண்டே இவனைத்தான் பார்க்கிறாள், விழுங்கினால் பார்ப்பாள், விழுங்காவிட்டாலும் பார்ப்பாள். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனான், தலையைச் சாய்த்ததும் மணி அடித்தது, கெவின் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான்.