அப்பாவுக்குத் தெரிந்த குரல்

"யாரும்மா, நர்ஸா?" என்று கேட்டார் அப்பா.

"நான்தாம்பா, சின்னவ."

அவர் பார்வையற்ற கண்களை அவள் பக்கம் திருப்பி, யாரோ புதியவரிடம் சிரிப்பதுபோல் சிரித்தார். "சின்னவ குரல் எனக்குத் தெரியாதா? தினமும் கேக்குறேனே."

போர்வையை மடித்துக்கொண்டிருந்த அக்கா, மூலையிலிருந்த டிவியைக் கண்ணால் காட்டினாள். கண் போனதிலிருந்து அப்பா சின்ன மகள் நடித்த படங்களைக் காதால்தான் பார்த்துவந்தார். அவற்றில் ஒன்றில்கூட நடிகை தன் குரலில் பேசியதில்லை. தகரத்தில் மணலைக் கொட்டியதுபோல் இருக்கிறது என்று முதல் பட இயக்குநர் சொன்ன அன்றே, அவளுக்காகப் பேச இன்னொருத்தி வந்துவிட்டாள். ஊரே மயங்கியது அந்தக் குரலுக்கும் இந்த முகத்துக்கும் சேர்த்துத்தான். வீட்டுக்கு ஃபோன் செய்து நலம் விசாரிப்பதை நடிகை மேனேஜரிடம் விட்டிருந்தாள். தகரக் குரல் அப்பாவின் காதிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது.

"டாக்டர் கைய விரிச்சிட்டாரு. அப்பா உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு," என்றாள் அக்கா, அறைக்கு வெளியே வந்ததும். "நீ எதிர்லயே நிக்குற. நல்ல கூத்து."

நடிகை, தனக்காகப் பேசும் டப்பிங்காரிக்கு ஃபோன் செய்தாள்.

மதியம் அவள் வந்தாள். மாடியேறி மூச்சு வாங்கியது, தொண்டைக்கு மப்ளர் சுற்றியிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"உங்களுக்காக எவ்வளவோ அழுதிருக்கேன், மைக் முன்னாடி. இது வேறம்மா."

"அவருக்காகத்தான்."

"சரி. ஆனா உதட்டப் பாக்காம எனக்குப் பேச வராது. நீங்க சத்தமில்லாம சொல்லுங்க. நான் பின்னாடியே வரேன்."

"நான் என்ன பண்ணணும்? லைட்டு பிடிக்கவா?" என்றாள் அக்கா.

நடிகை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த டப்பிங்காரியிடமிருந்து அந்தக் குரல் எழுந்தது. "அப்பா, வந்துட்டேன்."

அவர் முகம் முழுவதும் மலர்ந்தது. "வந்துட்டியா கழுதை," என்று அவள் விரல்களை இறுக்கினார். "ஏன் இத்தன நாளா வரல?"

நடிகையின் கடைசிப் படம் முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. விருந்துகளுக்குப் போனாள், கடைகளைத் திறந்துவைத்தாள். நோயாளி வீட்டு வாசனைதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 'ஷூட்டிங்பா, லீவே கிடைக்கல' என்றன உதடுகள்.

டப்பிங்காரி தயங்கினாள். நடிகைக்குத் தான் பேசாத படம் எதுவும் இல்லை; ஷூட்டிங் என்பது பொய் என்று அவளுக்குத் தெரியும். பிறகு பேசினாள், வழக்கமான அந்தச் சின்னத் தழுதழுப்பையும் சேர்த்து.

"அடடா, அதுக்கு ஏன் அழுற," என்று அப்பா தேற்றினார். பிறகு ரகசியம்போலச் சொன்னார்: "காலையில ஒரு பொண்ணு வந்துச்சு. கரகரன்னு குரல். தான்தான் நீன்னு சொல்லிக்கிச்சு. என்ன கஷ்டமோ, பாவம். நீ ஏதாவது பாத்து செய்யி. துரத்திடாத."

அக்கா மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

'சரிப்பா' என்று நடிகையின் உதடுகள் சொல்லின. குரல் வரவில்லை. டப்பிங்காரி மப்ளரில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"என்னம்மா, கோவமா?"

"சரிப்பா," என்றாள் நடிகை, தன் குரலிலேயே.

அப்பா கையை மெல்ல உருவிக்கொண்டார். யார் மனமும் புண்படாதபடி தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னும் இங்கதான் இருக்கா போல. பெரியவளே, பாவம், அவள நிக்க வெச்சிருக்காத. சின்னவ எங்க, கைய விட்டுட்டா?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பிங்காரியை எழுப்பிக் கூட்டிவந்து, அவள் கையை அப்பாவின் கையில் வைத்தாள்.

நடிகை எழுந்து இடம் விட்டாள். விசாரிக்க வருபவர்களுக்காகச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. கால் ஓசை கேட்காமல் நடந்துபோய் அதில் உட்கார்ந்தாள்.