கடைசிச் சுருள்

மகள் உட்கார்ந்ததும் கைப்பையை அப்பா பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். சினிமாக் கொட்டகையின் கேட்டுக்காரரான அப்பா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். மதியக் காட்சிக்கு அவள் வந்ததே பெரிசு. முதலாளியின் தங்கக் கடிகாரத்தைத் திருடியதாக அவரைப் பிடித்து உள்ளே போட்டபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. அத்தை வீட்டில் திருடன் மகள் என்று பேர் வாங்கி வளர்ந்தவள். அவர் வெளியே வந்து, இந்தக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்த பிறகும் முகம்கொடுத்துப் பேசியதில்லை.

அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. வக்கீலை நம்பிக் கெட்டவர். ஆனால் இந்தப் பேசாத படத்தை நேற்றுப் பார்த்ததும் நம்பினார். திரையில் ஒருவன், செய்யாத திருட்டுக்கு விலங்கு மாட்டிக்கொண்டு வாயை வாயைத் திறக்கிறான்; ஒரு சத்தமும் வரவில்லை. கடைசிச் சுருளில் உண்மைத் திருடன் அகப்படுகிறான். அதை அவள் ஒருதரம் கண்ணால் பார்த்தால் போதும். தான் எடுக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி இவருக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது.

மகள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். திருடன் முகத்தைத் திருப்பப்போகிற நேரம், திரை பழுப்பாகி, கொப்பளித்து, வெறும் வெள்ளையாயிற்று. மேலே ஆபரேட்டர் மிதித்து அணைக்கும் சத்தம். சுருள் எரிந்துபோயிற்று.

திரையோரம் நின்று கதை சொல்லும் வாய்க்காரர் சமாளித்தார். "இருங்க, இருங்க. இவன் எடுக்கல. எடுத்தது முதலாளியோட மச்சான். கோர்ட்டுல இவன விட்டுட்டாங்க."

"நீ என்ன, அவனுக்குப் பொண்ணு குடுத்தவனா? படத்தக் காட்டுய்யா," என்றான் பின்னாலிருந்து ஒருவன். கொட்டகையே சிரித்தது.

கேட்டுக்காரர் மகள் பக்கம் குனிந்தார். "நெசம்மா. நேத்து நான் பாத்தேன். அவன் எடுக்கல."

"நீங்க மட்டும்தானப்பா பாத்தீங்க."

குரலில் கோபம்கூட இல்லை. கூட்டத்தோடு எழுந்து போய்விட்டாள்.

கைப்பை நாற்காலியிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினால் வாசலுக்குள் பிடித்துவிடலாம். அவர் தொடவில்லை. தள்ளிப்போய்ச் சுவரோரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கொட்டகை காலியாயிற்று. திரையில் வெள்ளை வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. அதில் அவள் நின்றாள். பையைப் பார்த்தாள். அவரையும், அவர் கைகள் இருந்த இடத்தையும் பார்த்தாள்.

அவர் வாயைத் திறந்தார்.