சாவு வீட்டில் விலங்கியல்

முனியம்மாள் மகளுக்கு ஒரு பக்கச் சடையைப் பின்னி முடித்துவிட்டு மறுபக்கத்து முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கால்களுக்கு நடுவில் கனகம் தலையை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஜாஸ்மின், மடியில் மூடிவைத்த விலங்கியல் புத்தகம். மறுநாள் காலை உயிரியல் பரீட்சை. பிளஸ் டூவின் கடைசிப் பரீட்சை அதுதான். மதியம் பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது; அதற்குத்தான் சடை. அதுவரைக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பாகங்களைச் சொல்ல வேண்டும், தப்பு விட்டவளுக்கு மண்டையில் ஒரு குட்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவர்கள் படித்த முறை அது. செடி கொடியெல்லாம் ஜாஸ்மினுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மனுஷ உடம்புக்குள் நுழைந்தால் கனகம்தான் வழி காட்ட வேண்டும்.

“சிறுநீரகம். பௌமான் கிண்ணம்” என்றாள் கனகம்.

“சேய்மைச் சுருள் குழல்.”

“குட்டு! அண்மைதான்டி மொதல்ல. கிண்ணத்துக்குக் கிட்ட கீறது அண்மை.”

“தலய ஆட்டாத.” முனியம்மாள் மகளின் தலையைப் பிடித்து நேராக்கினாள். “அந்தப் பொண்ணு கரீட்டாதான சொல்லுது. நேத்து நீயே அப்டிதான் சொன்ன.”

“நேத்து நான் தப்பா சொன்னேம்மா.”

“அப்ப நேத்து குட்ட இன்னிக்கு வாங்கிக்க.” சீப்பால் ஒரு தட்டு விழுந்தது.

ஜாஸ்மின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அத்தே, பேசாம நீங்களே வந்து எழுதிருங்க.”

“நான் எழுதனா, திருத்தறவன் வேலய வுட்டுட்டு ஓடிருவான்.”

ரிப்பன் எடுக்க எழுந்த முனியம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை என்னவோ பண்ணுகிறது என்றாள். அப்படியே உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். கனகம் அம்மாவைத் தூக்கப் பார்த்தாள், ஜாஸ்மின் தெருவுக்கு ஓடினாள். கழனியிலிருந்து கனகத்தின் அப்பா நாகப்பன் வந்து, யாரோ வேன் கொண்டுவந்து, ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மதியத்துக்குள் வேன் திரும்பி வந்துவிட்டது.

வாசலில் பந்தல் போட்டார்கள். வல்லக்கோட்டையிலிருந்து முனியம்மாளின் தம்பி தாண்டவராயன் வந்தான். பந்தக்காலில் தலையை மோதிக்கொண்டு அழுதவனை மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று அந்த வீட்டில் அவன் அளவுக்கு யாரும் அழவில்லை. அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாகப்பனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அவன் பேசியது உள்ளே இருந்த கனகத்துக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

“முப்பது நாளைக்குள்ள அக்கா பொண்ண ஒரு கையில புடிச்சிக் குடுத்துறணும் மச்சான். வுட்டா வருஷம் திரும்பற வரைக்கும் மோளம் கொட்டக் கூடாது. வெளிய எங்கயும் தேட வாணாம், எம்புள்ள கீறான். பரிச்சயும் வாணாம் கிரிச்சயும் வாணாம்.”

பாஸானால் நர்சு படிப்பு, ஃபெயிலானால் மாமன் மகன் என்பது அந்த வீட்டில் முனியம்மாள் போட்டு, நாகப்பன் தலையாட்டிய ஒப்பந்தம். போட்டவள் இப்போது கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டுப் படுத்திருந்தாள். தலையாட்டியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் போகாவிட்டால் எழுதியதெல்லாம் வீண் என்று கனகத்துக்குத் தெரிந்தது. போக வேண்டும் என்ற நினைப்புதான் எங்கேயும் இல்லை. ஒரு பக்கச் சடையும் ஒரு பக்கம் விரிந்த தலையுமாக இருந்தவளைக் கோவிந்தம்மா பார்த்துவிட்டு, பின்னியிருந்ததையும் அவிழ்த்துவிட்டாள். கோவிந்தம்மா பக்கத்து வீடு. ஊரில் எந்தச் சாவிலும் முதல் குரல் அவளுடையது.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை முட்டி, முன்னும் பின்னுமாக அசைந்து அழுதார்கள். வட்டத்துக்குள் போனால் வெளிச்சம் இருக்காது. வியர்வையும் வெற்றிலையும் கலந்த சூடான மூச்சுதான். ஒவ்வொருத்தியும் செத்தவளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அவரவர் குறையைச் சொல்லி அழுவாள். ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி கேட்க மாட்டாள். கேட்பதற்காக யாரும் அங்கே உட்காருவதில்லை.

ஜாஸ்மின் வெள்ளைத் தாவணியில் வந்தாள். யாரோ அவளுக்கு இடம் விட்டார்கள். கனகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிஜமாகவே அழுதாள். பிறகு அவள் வாய் கனகத்தின் காதோடு ஒட்டியது.

“கனகு. நெஃப்ரான் சொல்றேன், கேட்டுக்க. மொதல்ல பௌமான் கிண்ணம்.”

கனகத்துக்கு உடம்பு கூசியது. தோளைக் குலுக்கினாள். ஜாஸ்மின் விடவில்லை. சுற்றி இருந்தவர்கள் முன்னால் சாயும்போது சாய்ந்து, நிமிரும்போது நிமிர்ந்து, அழுகையின் இழுவையிலேயே சொல்லிக்கொண்டு போனாள்.

“அதுக்கப்புறம் சேய்மைச் சுருள் குழல், ஹென்லே வளைவு…”

அம்மாவின் கால் கனகத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாதத்தில் மஞ்சள் பூசியிருந்தார்கள். குதிகால் வெடிப்புகளில் மட்டும் மஞ்சள் ஏறவில்லை. அதைப் பார்த்தபடியே, தன் வாய் திறந்துகொண்டது அவளுக்குக் கேட்டது.

“அண்மைடி. அண்மைதான் மொதல்ல.”

“ஆங். அண்மை, ஹென்லே வளைவு, அப்புறந்தான் சேய்மை. இப்ப நீ சொல்லு.”

சொன்னாள். இதயத்தின் வால்வுகளைச் சொன்னாள். கணையத்தைப் பற்றி ஜாஸ்மின் கேட்டதற்குச் சொன்னாள். ஒவ்வொரு தடவை அவள் நடுவில் நிற்கும்போதும் ஜாஸ்மின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தாள். விலங்கியல் முடிந்து தாவரவியல் வந்தது. மலர் மாலை வாங்கிவந்த யாரோ வட்டத்தைக் கடந்து போக, இருவரும் ஓவென்று குரலெடுத்துவிட்டு மறுபடி தணிந்தார்கள். அழுகை எது பாடம் எது என்று கனகத்துக்கே பிரிக்கத் தெரியாத ஒரு கட்டத்தில், கோவிந்தம்மாவின் தலை அவர்கள் பக்கம் திரும்பியது.

“இன்னாடி பேசிக்கினு கீறீங்க?”

“அத்தய நெனச்சிக்கினு கீறோம் ஆயா” என்றாள் ஜாஸ்மின்.

கோவிந்தம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை இன்னும் நீட்டி அவர்கள் இருவரையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, அதுவரை இல்லாத சத்தத்தில் ஒப்பாரியைத் தொடங்கினாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் இருவரும் ஒளிச்சேர்க்கையை முடித்தார்கள்.

வெயில் தாழ முனியம்மாளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் மயானத்தில் பால் தெளி. நாகப்பன் சொம்பில் பாலும் கையில் நவதானியமுமாகக் கிளம்பி நின்றபோது பஸ் வரும் கூட்டு ரோடு வரைக்கும் போக ஜாஸ்மின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கனகம் யூனிஃபார்மில் வெளியே வந்தாள். எண்ணெய் தொடாத தலையை முடிந்திருந்தாள்.

“எங்க கெளம்பிட்ட?” தாண்டவராயன் குறுக்கே வந்தான். “பால் தெளிக்கு முன்னாடி வாசப்படி தாண்டுவியா? ஊரே காறித் துப்பும். மச்சான், நீ சொல்ல மாட்டியா?”

கனகம் அப்பாவைப் பார்த்தாள். அம்மா அவரிடம் வாங்கிய வாக்கை ஞாபகப்படுத்த ராத்திரியிலிருந்து வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள்.

“படிச்சியா?” என்றார் நாகப்பன்.

“படிச்சேம்பா.”

“எங்க படிச்ச? நேத்து முச்சூடும் உள்ளதான இருந்த.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளேயிருந்து கட்டிப்போன குரலில் கோவிந்தம்மா சொன்னாள்: “படிச்சா, படிச்சா. எங்காதால கேட்டேன். எனக்கே பாதி மனப்பாடம் ஆயிட்சி.”

பந்தலில் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள். நாகப்பன் சொம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“பால் தெளிக்க ஆம்பளைங்கதான போறோம் தாண்டவராயா. அவளுக்கு அங்க இன்னா வேல? போ கனகு, பஸ் போயிரும்.”

“அப்ப முப்பது நாள் விசயம்?”

“போய்ட்டு வந்து பேசலாம் வா.”

இப்போது கம்பெனி ஷிப்ட் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும் கூட்டு ரோட்டில் அன்று ஒரே ஒரு பஸ்தான் வந்தது. இருவரும் நின்றுகொண்டே போனார்கள். ஜாஸ்மின் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. ஹாலில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர் கனகத்தின் தலையைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். கேள்வித்தாளில் சிறுநீரகம் வரவேயில்லை. நெஃப்ரானைத் தேடி இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். பிறகு வந்திருந்ததை எழுதினாள். படத்துக்குப் பென்சில் சீவும்போது, இந்நேரம் பால் ஊற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு மணி அடிக்கும் வரை எழுதினாள்.

வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டமாக விடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் வருவதைக் கண்டதும் பேச்சு நின்றது. கனகமே ஜாஸ்மினிடம் கேட்டாள்.

“வால்வு கேள்விக்கு இன்னாடி எழுதன?”

ஜாஸ்மின் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

தெரு முனையில் திரும்பும்போது வீட்டுப் பந்தலில் தாண்டவராயனும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. யார் பேசுகிறார்கள் என்று அங்கிருந்து தெரியவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் விடும் நேரம். ஆட்கள் இன்னும் வரவில்லை, குடங்கள் மட்டும் வரிசையில் இருந்தன. தீட்டு வீட்டுக்காரர்கள் குழாயைத் தொடக் கூடாது. ஆனாலும் யாரோ கனகத்தின் வீட்டுக் குடத்தை எடுத்துவந்து வைத்திருந்தார்கள். கோவிந்தம்மாவின் பித்தளைக் குடத்துக்கு அடுத்து, கழுத்தில் தார் வைத்து ஓட்டை அடைத்த பச்சைப் பிளாஸ்டிக் குடம். எப்போதும் அது நிற்கிற இடம்.