பாஷா பாய் பார்க்காத பிறை

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து. சுற்றி வளைக்கத் தெம்பில்லை. பதினோரு வருடமாக இதையே எழுதுகிறேன், ஒன்பது நோட்டு தீர்ந்துவிட்டது. என் பெயர் ஜமீர். பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘அறுபத்து மூன்றாம் வருடம், ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலை, மேற்கு மலைமேல் செம்பொன் மேகங்கள் —’

சீ! அடித்துவிட்டேன். மேகம் இருந்தது உண்மை. சாணி நிறத்தில் இருந்தது.

2

தெரியாதவர்களுக்காக. இருபத்தொன்பது நோன்பு முடிந்த மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் நோன்பு. மேகம் மறைத்தால், நம்பிக்கையான இரண்டு பேர் ‘பார்த்தோம்’ என்று சாட்சி சொன்னால் போதும்.

எங்கள் பள்ளிவாசலை நிர்வகித்த முத்தவல்லி நசீருதீன், புளி மண்டிக்காரர். அது புளி இறங்குகிற மாதம். நாளை மறுநாள் சந்தை. பெருநாள் சந்தையன்று விழுந்தால் மண்டியை மூடவேண்டும். ஆகவே பெருநாள் நாளைக்கே வந்தாக வேண்டும்.

“நான் பாத்தேன்” என்றார் முத்தவல்லி. இன்னொரு சாட்சி வேண்டும். மெத்தை தைக்கிற நூர் பாஷா பக்கம் திரும்பினார். பாஷா பாய் சொன்னால் ஊர் மறுபேச்சுப் பேசாது.

“பாஷா பாய், நீங்களும் பாத்தீங்கல்ல?”

“இல்லீங்க. மேகந்தான் பாத்தேன்.”

“நல்லா நெனச்சுப் பாருங்க.”

“நெனச்சா தெரியுமுங்களா? கண்ணுக்குத் தெரியணும்ங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். முத்தவல்லி சிரிக்கவில்லை.

(சைக்கிளில் ஆள் அனுப்பி, தர்மபுரியில் பிறை தெரிந்ததா என்று விசாரித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அன்று நானும் அதைக் கேட்டிருக்கலாம்.)

3

இப்போது இரண்டாவது சாட்சி. ‘முத்தவல்லியின் மிரட்டலுக்கு அஞ்சிய ஓர் இளைஞன் —’ அடித்தேன். யாரும் மிரட்டவில்லை. ‘வறுமையில் வாடிய —’ அதுவும் இல்லை, எனக்குச் சர்க்கார் சம்பளம்.

நோன்புக் கஞ்சி குடித்தும் பசி அடங்கவில்லை. நின்று நின்று கால் கடுத்தது. பேச்சு முடிகிற பாடாய் இல்லை. “நானும் பாத்தேங்க” என்றேன். எல்லோரும் கலைந்து வீட்டுக்குப் போனோம்.

அலுப்பு. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணத்துக்குத்தான் மனிதன் பெரிய பொய் சொல்வான் என்பது என்னைப் போல் கதை எழுதுகிறவர்கள் கட்டிவிட்டது.

4

மறுநாள் ஊரெல்லாம் பிரியாணி. பாஷா பாய் வீட்டில் நோன்பு. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சேமியா பாயசத்தை அவர் மனைவி ஜுபைதா மூடியபடியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெருநாளன்று நோன்பு வைக்கக் கூடாது. ஆகவே அவர் வைத்த நோன்பு, ‘உங்கள் பெருநாள் பொய்’ என்று தண்டோரா போட்டதற்குச் சமம். ஜமாஅத் கூடியது. அவர் மகள் ஷகிலாவுக்கு இருபது நாளில் நிக்காஹ். பள்ளிவாசலில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கும்வரை, கல்யாணத்தைப் பதிகிற நிக்காஹ் புத்தகம் தரமாட்டோம் என்று முடிவானது. புத்தகத்தில் ஏறாத கல்யாணத்துக்குப் பென்னாகரத்து மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டார்கள்.

தலையணைக்குப் பஞ்சு கொண்டுவந்த கடலைக்காட்டுத் தர்மன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மழைக்காவ நாங்க மாரியாத்தா திருவிழாவத் தள்ளி வச்சிருக்கோம் பாய். சந்தைக்காவ நெலாவையே இழுத்தாந்தவங்கள இப்பத்தான் பாக்கறேன்.”

பாஷா பாய்கூடச் சிரித்தாராம். ஜுபைதா உள்ளே போய் அழுதாராம்.

5

பாஷா பாயை எழுதுவது கஷ்டம். இவ்வளவு நேர்மையானவனை யார் நம்புவார்கள்? நான்காவது நோட்டில் அவரைக் கஞ்சனாக்கிப் பார்த்தேன். ஆறாவதில் முன்கோபி. எதுவும் ஒட்டவில்லை. உண்மையில் அவருக்கு ஓயாத இருமல், பஞ்சுத் தூசு. தொழுகையில் பக்கத்தில் நின்றால் எரிச்சலாக இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அவர் வீட்டுச் சண்டை தெருவுக்கே கேட்டது. ஆகவே இது கற்பனை இல்லை.

“ஒரு வார்த்த. பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்ம வூட்டுல கல்யாணம். உங்க அல்லா புத்தகத்தக் கொண்டாந்து குடுப்பானா?”

“குடுப்பானோ மாட்டானோ, எனக்கென்ன தெரியும்? நோம்பு அவனுக்கு வச்சது. பாக்காதத பாத்தேன்னு அவன்கிட்டயே எப்படிடி சொல்றது?”

“நம்ம புள்ள?”

இருமல்தான் கேட்டது. அப்புறம், “அவன வுட்டா யாரு இருக்கா நமக்கு?” என்றார். குரல் உடைந்திருந்தது. நம்பிக்கை என்றால் நெஞ்சு நிமிர்ந்து நிற்கும் என்று நினைத்திருந்தேன். இவருடையது சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்திருந்தது, ஆனால் விழவில்லை.

6

முடிவு அ: வெள்ளிக்கிழமை வாத்தியார் எழுந்து உண்மையைச் சொல்கிறான். ஊர் வெட்கப்படுகிறது. (எங்கள் ஊரா? போங்கய்யா.)

முடிவு ஆ: மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து, ‘பிறையில் பொய் சொல்லாதவர் பெண்தான் எங்களுக்கு வேண்டும்’ என்கிறார். (இதை எழுதியபோது எனக்கே அழுகை வந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.)

முடிவு இ: முத்தவல்லியின் மண்டியில் தீ — வேண்டாம். கடவுளுக்கு நான் வேலை ஏவ முடியாது.

7

நடந்ததை எழுதுகிறேன். நிக்காஹுக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட நேரம். பாஷா பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

“வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். முத்தவல்லி சொன்னத நான் நம்பலீங்க. நீங்க படிச்சவரு, புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவரு. உங்களுக்குப் பொய் சொல்ல என்ன தேவை? என் கண்ணு மங்கியிருக்கலாம். நெசமா பாத்தீங்களா?”

அவரே தொடர்ந்தார்.

“பாத்தேன்னு சொல்லுங்க, நாளைக்கே எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுடறேன். தப்பு என்னோடது ஆயிடும், எம்புள்ள கல்யாணமும் நடந்துடும். பாக்கலீன்னா... சும்மா போயிடறேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அவன் பாத்துக்குவான்.”

‘பார்த்தேன்’ என்றால் அவர் வீட்டில் கல்யாணம், ஊரில் ஒரே ஒரு உண்மைக்காரரும் பொய்யராகித் தலைகுனிவார். ‘பார்க்கவில்லை’ என்றால், அவர் யாரிடமும் சொல்லாவிட்டாலும், அடுத்த நாள் பள்ளிவாசலில் எழுந்து நிற்கவேண்டியது நான். நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ஒன்பது நோட்டிலும் எழுதிப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் என்னைக் கொஞ்சம் நல்லவனாக எழுதியிருக்கிறேன். ஆகவே என் சாட்சியை நம்பாதீர்கள்.

அவர் தோளிலிருந்த துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டு, ‘இவன் பொய் சொல்ல மாட்டான்’ என்ற முகத்தோடு நிற்கிறார். நேரமாகிறது. நீங்கள் சொல்லுங்கள் அவருக்கு.