வெறும் ஓட்டம்

சந்தனம்மாள் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, தரையில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஈஸ்வரபாண்டி அடியில் செங்கற்களைத் தள்ளினான். பிறகு கையை நீட்டி ஆக்சிலேட்டரை முறுக்கினான். செயின் மாட்டிய இடது பின்சக்கரம் விர்ரென்று சுழன்றது. வண்டி வந்த புதிதில்கூட அது இப்படிச் சுழன்றதில்லை. ரிப்பேர் பார்த்த எந்த வண்டியையும் லோயர் கேம்ப் மெக்கானிக்குகள் இப்படித்தான் தூக்கி வைத்து ஓடவிட்டு, வேகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவனும் தலையாட்டிக்கொண்டான். மோட்டாரைக் கழற்றித் துடைத்து, தேய்ந்த கார்பன் கட்டையை மாற்றியதெல்லாம் அவனேதான். கொஞ்சம் கர்வப்படலாம்.

தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போனவனுக்குக் கர்வப்பட வேறு என்ன இருக்கிறது? இந்த மூன்று சக்கர பேட்டரி வண்டி வந்த பிறகுதான் அவன் நாலு பேரைப் போல நடமாடினான். குமுளி பஸ்கள் நிற்கும் இடத்தில் அவித்த கடலை விற்றான். பொழுது சாய்ந்ததும் யார் தயவும் இல்லாமல் வீட்டு மேட்டில் ஏறி வந்தான். அதற்கு முன்பெல்லாம் சந்தனம்மாள்தான் சக்கர நாற்காலியில் வைத்து அவனை அந்த மேட்டில் தள்ளுவாள். அவள் மூச்சிரைப்பது பிடரியில் படும்போதெல்லாம், விழுந்த அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும். போன வாரம் வண்டி பாதி மேட்டில் முனகிக்கொண்டு நின்றது. கருகல் வாடை வந்தது. மறுபடியும் அவள்தான் தள்ளினாள்.

அவளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. ஜீப் விடியும் முன்பே கிளம்பிவிடும், திரும்ப இருட்டும் நேரம் ஆகும். நாளைக்கு ஏறாவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துவிடுவதாகக் கங்காணி சுருளிராஜன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வண்டி மேடு ஏறினால் போவது, இல்லாவிட்டால் இல்லை என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

இப்போது சக்கரத்தைப் பார்த்து அவளுக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"ஆத்தாடி, என்னா வேகம்! கங்காணிக்கிட்ட வாரேன்னு சொல்லிப்புட்டு வந்துர்றேன் மாமா."

அவள் போனதும், பழனிசெட்டிபட்டியில் வண்டியைச் செய்து கொடுத்த பிரின்ஸுக்குப் பெருமையடிக்கத்தான் அவன் போன் போட்டான்.

"பிரின்ஸு, முன்னயவிட வேகமாச் சுத்துதுடா!"

"தூக்கி வச்சு வெறுமனயாண்ணே?"

"ஆமா."

"அப்ப மோட்டாருக்குள்ள இருக்குற காந்தம் எறங்கிப்போச்சுண்ணே. மேட்டுல நின்னு கருகல் வாட வந்துச்சுன்னீகள்ல, அதுல போயிருக்கும்."

"ஏலே, வேகமா ஓடுதுங்குறேன்."

"அதேன்ணே. மோட்டாரு சுத்தச் சுத்த, அதுவே பேட்டரிய எதுத்துத் தள்ளும். காந்தம் நல்லா இருந்தா ஒரு வேகத்துல மல்லுக்கட்டி நின்னுக்கிரும். காந்தம் செத்துருச்சுன்னா அந்த எதுப்பு வாரதுக்கே இன்னும் கூட ஓடணும். அதான் வெறும் வண்டியில பறக்குது. ஆளு ஏறுனா இழுக்கத் தெம்பு இருக்காது. மேட்டுக்குக் கொண்டு போயிராதீக. வேற மோட்டாருதான் போடணும், வரவும் நாளாகும்."

ஈஸ்வரபாண்டி போனை மடியில் வைத்தான். முதலில் பிரின்ஸ் மேல் ஆத்திரம் வந்தது. பிறகு சக்கரத்தின் மேல் வந்தது. அப்புறம் யார் மேல் என்று அவனுக்கே தெரியவில்லை.

சந்தனம்மாள் திரும்பி வந்தபோது, காய் எடுக்க இடுப்பில் கட்டும் சாக்கு ஒன்றை யாரிடமோ வாங்கி வந்திருந்தாள்.

"சொல்லிட்டேன் மாமா. நல்ல நேரத்துல வந்தேன்னு சொன்னாக. ஒரு தடவ மேட்டுல ஏத்திப் பாத்துருவமா?"

"சார்ஜு ஏறட்டும் புள்ள. கண்ணால பாத்தேல்ல?"

"பாத்தேன்," என்று சிரித்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சாக்கை இடுப்பில் கட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அவனால் சொல்ல முடியவில்லை. மேட்டடியில் யாரையாவது கூப்பிட்டுத் தள்ளச் சொன்னால் போயிற்று என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். அவள் தள்ளாமல் இருந்தால் சரி.

மறுநாள் அவள் ஜீப் ஏறிப் போன பிறகு அவன் கடலை விற்கக் கிளம்பினான். இறக்கத்தில் வண்டி தானாகவே உருண்டது. சமதளத்தில் ஊர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும்போது, கூப்பிடுகிற தூரத்தில் ஆள் இல்லை. மழைக்கு அப்பால் பவர் ஹவுஸின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவன் மேட்டுக்குத் திரும்பி முறுக்கினான். மோட்டார் முனகியது. அதே கருகல் வாடை. நாலு முழம் ஏறிய வண்டி நின்றது, நனைந்த பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டது. மேட்டடியில் ஓடைக்கு மேலே இருந்த சிறுபாலத்தின் ஓரத்தில் இடது சக்கரம் நழுவி வெளியே தொங்கியது. அடிச்சட்டம் கல்லில் மோதியதில் வண்டி அப்படியே மாட்டிக்கொண்டது. கடலைச் சட்டி ஓடைக்குள் போனது. பயத்தில் இறுகிய அவன் கை ஆக்சிலேட்டரை விடவில்லை.

ஜீப் வெளிச்சம் வளைவில் திரும்பி அவன் மேல் விழுந்தது.

சந்தனம்மாள் இறங்கி ஓடி வந்தாள். இடுப்பில் சாக்கு இன்னும் இருந்தது. ஏலக்காய் வாடை வீசியது. அவள் அவனைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு சக்கரத்தைப் பார்த்தாள்.

"ஏறாதுன்னு நேத்தே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

ஜீப்பிலிருந்து கங்காணி தலையை நீட்டினார். "என்னத்தா, நாளைக்கு வருவியா, மாட்டியா?"

அவள் அவனுக்குப் பின்னால் வந்து சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் மூச்சு அவன் பிடரியில் பட்டது.

"கைய எடு மாமா."

அவனால் எடுக்க முடியவில்லை. வெளியே தொங்கிய சக்கரம், மழையை வாரி அவள் சேலையில் இறைத்தபடி, புது வண்டியைவிட வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தது.