இவள் ஓட்டினால் மட்டும் எரியும் விளக்கு

"குற்றவாளி இவதாங்க," என்றார் கணவர், மனைவியைக் கைகாட்டி.

பட்டறையில் எல்லோரும் ஸ்கேனர் அக்கா என்று கூப்பிடும் எலக்ட்ரீஷியன், கையைத் துடைத்துக்கொண்டே மனைவியை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கணவரோ ஆறடி மூன்றங்குலம். ஷட்டருக்குக் குனிந்துதான் உள்ளே வந்திருந்தார்.

"என்ன குத்தம்?"

"டாஷ்போர்டுல வண்டி வழுக்குற மாதிரி ஒரு மஞ்ச விளக்கு. நான் ஓட்டினா எரியாது. இவ ஓட்டினா தெருமுனை தாண்டறதுக்குள்ள எரிஞ்சிடும். வளைவுல வண்டி தடுமாறாம பிடிச்சு நிறுத்துற சிஸ்டமே படுத்துடுது. இவ ஸ்டியரிங்கை வளைக்கிற வேகத்துல அதுக்கே தலை சுத்துது போல."

"ரெண்டு மாசமா இதே பாட்டுதான் அக்கா," என்றாள் மனைவி. "சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. பேப்பர்ல போடறதுதான் பாக்கி."

ஏற்கெனவே இரண்டு பட்டறை ஏறி இறங்கியிருந்தார்கள். முன்சக்கர சென்சர் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. விளக்கு மசியவில்லை. இன்று மாலை நாலு மணிக்கு வண்டியை வாங்க ஓர் ஆள் வருகிறார். அதற்குள் சரியானால் வண்டி வீட்டில் இருக்கும். இல்லையென்றால் அவரோடு போய்விடும். இதுதான் ஒப்பந்தம்.

வண்டி போனால் மனைவியின் வேலையும் போச்சு. திங்கட்கிழமை முதல் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஆறு மணி ஷிப்ட். முப்பது கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது.

சுவர்க்கடிகாரம் இரண்டே காலைக் காட்டியது.

அக்கா ஸ்கேனரைச் செருகி, வண்டியில் பதிவாகியிருந்த பழைய கோளாறுகளை அழித்துவிட்டு, "சார், நீங்க ஒரு ரவுண்டு அடிங்க," என்றாள். அடித்தார். விளக்கு எரியவில்லை. வெற்றிவீரனாக இறங்கினார்.

அடுத்து மனைவி. ஏறினாள், சீட்டை முன்னால் இழுத்தாள், சாவியைத் திருப்பினாள், கிளம்பினாள். ஐந்தாவது நிமிடம் திரும்பி வந்து, கண்ணாடியை இறக்கி, "எரியுது," என்றாள்.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் கணவர்.

"நீங்க நிறைய சொன்னீங்க சார். இப்ப வண்டி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்." அக்கா ஸ்கேனரைச் செருகினாள். திரையைப் படித்தவள், இரண்டாம் முறை படித்தாள்.

"இந்தக் கோளாறு வந்தப்ப வண்டியோட வேகம் என்னன்னு இதுல பதிவாயிருக்கும். எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"எழுபது? எண்பது? இவ ஓட்டுற ஓட்டுக்கு..."

"பூஜ்யம்."

கணவர் பேந்தப் பேந்த விழித்தார்.

"விளக்கை நீங்க பார்த்தது தெருமுனையில. அது எரிஞ்சது புறப்படறதுக்கு முன்னாடியே. நின்ன வண்டியில எந்த மகராசியாலயும் மோசமா ஓட்ட முடியாது சார். வண்டி எவ்வளவு திரும்புதுன்னு அளக்கற சென்சர் ஒண்ணு இருக்கு. அதோட பேச்சு அறுந்துபோகுது. இதே சீட்டுல நீங்க உட்காருங்க. பின்னால தள்ளக் கூடாது."

"அதெப்படி முடியும்?"

"முயற்சி பண்ணுங்களேன்," என்றாள் மனைவி, தேனாக.

முதலில் ஒரு கால். பிறகு தலை. பிறகு மீதி. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கின் இருபுறமும் காதுக்குச் சமமாக உயர்ந்து நிற்க, மடக்கிய கட்டில் மாதிரி உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பினார். எல்லா விளக்கும் எரிந்து அணைந்தன. மஞ்சள் மட்டும் அணையவில்லை.

"இப்ப நீங்க என்ன தப்பு பண்ணீங்க?" என்றாள் மனைவி.

அவரை வெளியே எடுக்க இருவரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அக்கா டார்ச்சோடு சீட்டுக்கு அடியில் நுழைந்தாள். பிறகு, அடியிலிருந்தே:

"சார், இங்க ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கே. கம்பெனியில வெச்சது இல்லையே?"

"அது... பாட்டுக்கு. பேஸ் நல்லா வரும்."

"வயரையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து, சீட்டு ஃபிரேமோட இறுக்கி, பிளாஸ்டிக் டை போட்டிருக்கு. அந்தக் கட்டுக்குள்ள சென்சர் வயரும் மாட்டிக்கிச்சு. சென்சர் தரையில, டை சீட்டுல. சீட்டு முன்னால போனா கனெக்டரைப் பிடுங்குது. யார் கட்டினது?"

"கடையில யாரோ..."

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க நீங்கதானே படுத்து உருண்டீங்க," என்றாள் மனைவி. "சாப்பிடக்கூட வரலை. எவ்வளவு நீட்டா கட்டியிருக்கேன் பாருன்னு போட்டோ எடுத்துக் காட்டினீங்க."

அக்கா டையை வெட்டினாள். கனெக்டரில் தளர்ந்திருந்த பின்னை மாற்றினாள். சீட்டைப் பத்துமுறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். கடைசியாக, சென்சருக்கு எது நேர் என்று மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். சமதரை, நேரான ஸ்டியரிங், வண்டி ஆடக் கூடாது. முதல் தடவை தோற்றது. பார்த்தால், கணவர் கவலையோடு பானெட்டில் சாய்ந்திருந்தார்.

"சார், அங்கே போய் ஸ்டூல்ல உட்காருங்க."

இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டது. மனைவி சீட்டை முன்னால் இழுத்து, வலது வளைவு, இடது வளைவு, ரவுண்டானா இரண்டு சுற்று என்று போய்வந்தாள். டாஷ்போர்டு இருட்டாக இருந்தது. இறங்கியவள் சாவியைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினாள்.

நாலு மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம். கணவரின் போன் அலறியது. வண்டி வாங்க வருகிறவர்.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் மனைவி.

போட்டார். "வண்டி குடுக்கறதா இல்லைங்க. மன்னிச்சுக்கங்க."

"என்ன சார் இது? உங்க வீட்டுக்காரம்மா ஓட்டினா ஏதோ விளக்கு எரியுதுன்னு சொன்னீங்களே?"

"அணைஞ்சிருச்சு."

"அப்ப கோளாறு என்னதான் சார்?"

கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகக் கேட்கும்படி அருகே வந்து நின்றாள்.

"அது..." தொண்டையைச் செருமினார். "நான்தாங்க."